பூஜ்யக் கோடு

"நடுவுல வை" என்றார் என் ஆய்வு நெறியாளர். "எதுக்கு மேல இழுத்து வச்சிருக்கே?"

மதியம் எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்று அவர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். மற்ற ஸ்லைடுகளையெல்லாம் தலையாட்டிக்கொண்டே தள்ளிவிட்டவர், இந்த ஒன்றில் மட்டும் நின்றுவிட்டார்.

அதில் அருகருகே இரண்டு பட்டை வரைபடங்கள். மண்ணுக்குள் போகும் குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று தோண்டாமலே கண்டுபிடிக்க அவர் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். பரிசு வாங்கிய சூத்திரம். அது பிடித்த கசிவுகள் இடது பக்கம், என் முறை பிடித்தவை வலது பக்கம். ஒரே ஊர், ஒரே குழாய்கள், ஒரே அளவுகோல். என் பட்டைகள் அவருடையதைவிட நன்றாகவே உயரம்.

ஆனால் அவர் படத்துக்குக் கீழே மூன்று வரி விளக்கம். சூத்திரத்தின் பெயர், பரிசின் பெயர், நிதி கொடுத்தவர்களின் பெயர் என்று அவரே எழுதிக்கொடுத்தது. என் படத்துக்குக் கீழே 'புதிய முறை' என்று ஒரே வரி. எங்கள் துறையில் ஸ்லைடையும் லேட்டெக் என்ற மென்பொருளில்தான் செய்ய வேண்டும். மவுஸால் பிடித்து இழுக்கிற வேலை அதில் கிடையாது. கட்டளையை எழுதி ஓட்டினால் அதுவாக அடுக்கிக்கொள்ளும். துறையின் டெம்ப்ளேட், படமும் விளக்கமும் சேர்ந்த இரண்டு பத்திகளையும் நடுவை வைத்துப் பொருத்தும். கீழே மூன்று வரி தொங்குவதால் அவர் படம் மேலே ஏறிக்கொள்ளும், என்னுடையது இறங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் இருவர் பட்டையும் ஒரே உயரம்.

அந்த ஸ்லைடில் மட்டும், நடுவைக் குறிக்கும் c என்ற ஒற்றை எழுத்தை நான் மேல்விளிம்பைக் குறிக்கும் T ஆக்கியிருந்தேன். படங்களின் மேல்விளிம்புகள் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது பட்டைகள் தொடங்கும் பூஜ்யம் இரண்டிலும் ஒரே கோட்டில் நிற்கும்.

"நடுவுல வச்சா பூஜ்யம் ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் போகுது சார். பாக்குறவங்களுக்குத் தப்பாத் தெரியும்."

"ஓரத்துல எண் போட்டிருக்குல்ல? படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும். நம்ம லேப்ல எல்லாரும் நடுவுலதான் வைக்கிறாங்க. அதான் அழகு."

"அதான் அழகு" என்றான் பக்கத்தில் நின்ற சீனியர். லேபில் அவனுக்கு ஜெராக்ஸ் என்று பெயர்.

"மாத்திடு" என்று சிரித்தார் நெறியாளர். "தேர்வு அறிக்கையில நானும் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்."

ஜெராக்ஸ் வராந்தாவரை பின்னாலேயே வந்தான். "ஒரு எழுத்துக்கா இப்படி முறுக்கிக்கிறே? c போட்டுட்டு பட்டத்தை வாங்கிட்டுப் போயேன்."

"உங்க தீசிஸ்லயும் இதே c தானா அண்ணா?"

"உன் வாய் இருக்கே..." என்று திரும்பிப் போய்விட்டான்.

தேர்வு அரங்கத்து வாசல் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பார்சல் வேன் ஓட்டுகிறவர். லீவு சொல்லிவிட்டு, தேய்த்த சட்டையில் வந்திருந்தார்.

"உங்க சார் வந்து பேசினாரும்மா. பொண்ணு கெட்டிக்காரி, கொஞ்சம் அடம்னாரு. என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"பட்டம் கைக்கு வர்ற வரைக்கும் பொறுத்துப் போ தாயி."

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. பொறுத்துப் போவதில் மட்டும் எல்லோருமே முனைவர்கள்.

அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். T-யை அழித்து c போட்டு ஓட்டினேன். என் படம் பொத்தென்று இறங்கியது. உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி T போட்டு ஓட்டிவிட்டு எழுந்தேன்.

அந்த ஸ்லைடு வரும்வரை தடங்கல் இல்லை. "இடது பக்கம் பழைய முறை" என்று நான் ஆரம்பித்ததுமே முன்வரிசையில் நெறியாளர் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம். இது எங்க டெம்ப்ளேட் படி இல்ல. அலைன்மென்ட் தப்பு. சரி பண்ணிட்டுப் பேசச் சொல்லுங்க."

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் என்னைப் பார்த்தார். "இப்பவே முடியுமா?"

"ஒரு எழுத்துதான் மேடம்."

பெரிய திரையில் எல்லோரும் பார்க்க T-யை அழித்தேன். c போட்டேன். என் மூன்று வருஷ வேலையை என் கையாலேயே குட்டையாக்கச் சொல்கிறார்கள். ஓட்டினேன். நெறியாளர் படம் துள்ளி மேலே போனது, என்னுடையது கீழே.

"இருங்க இருங்க" என்றார் தேர்வாளர். "இப்ப என்ன ஆச்சு? இடது பக்கத்துப் பட்டை இவ்வளவு நேரம் குட்டையால்ல இருந்துச்சு?"

"இப்பவும் குட்டைதான் மேடம். படம்தான் ஏறிடுச்சு."

"எதனால?"

"கீழ மூணு வரி இருக்குல்ல மேடம், அதனால."

அவர் அந்த மூன்று வரிகளையும் சத்தமாகப் படித்தார். பரிசின் பெயர் வந்தபோது பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"முன்னாடி இருந்த மாதிரியே வைங்க" என்றார். வைத்தேன். அவர் நெறியாளர் பக்கம் திரும்பினார். "சார், உங்க சூத்திரம் இவங்க முறையைவிடக் கம்மியாத்தான் கசிவைப் பிடிக்குது போல?"

"அது பழைய டேட்டா. அதனால..."

"ரெண்டுக்கும் ஒரே டேட்டாதான் மேடம்" என்றேன். நெறியாளர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட நினைத்தேன். பார்த்துத்தான் சொன்னேன்.

அறிக்கையில் தேர்வாளர் 'பட்டம் வழங்கலாம்' என்று எழுதி, இந்த ஒப்பீடு ஆய்வேட்டில் இதே மாதிரி இடம்பெற வேண்டும் என்றும் சேர்த்தார். அந்த வரிக்குக் கீழேதான் நெறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்றால் அத்தனை பேர் முன்னால் காரணம் சொல்ல வேண்டும். போட்டார்.

வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றார். "சிபாரிசுக் கடிதம் அது இதுன்னு இனிமே என் ரூம் பக்கம் வராதே."

"சரி சார்."

அப்பா காதில் அது விழுந்துவிட்டது. முகம் செத்துப்போய் எழுந்து வந்தார்.

"என்னம்மா, பட்டம் இல்லேன்னுட்டாரா?"

"பட்டம் இருக்குப்பா. அவர்தான் இல்ல."

"அவர் இல்லாம வேலை கிடைச்சிருமா?"

"தெரியலப்பா" என்றேன்.