குளித்து வந்த இருபது உறைகள்

என் மாமியார் டெல்ஃபின் கிராட்ஸர் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடுவார். இரண்டையும் ஒரே முகத்தோடுதான் செய்வார். அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்த குழந்தை பென்சில்வேனியாவில் இதுவரை இல்லை.

எங்கள் மலையடிவாரச் சங்கத்தில் பன்னிரண்டு சிமெண்ட் மேசைகள் இருக்கின்றன. துப்பாக்கியை மேசைமேல் மணல்பையில் கிடத்தி, நூறு கஜத்துக்கு அப்பால் உள்ள தாளில் ஐந்து குண்டுகளைச் சுட வேண்டும். ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதுதான் ஆட்டம். வருடம் முழுவதற்குமான மொத்தக் கணக்கில் முதலாவதாக வருபவர் அடுத்த வருடத்துக்கான மேசையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆறு வருடமாக வெண்டல் உம்ஹோல்ட்ஸ்தான் முதல். ஆறு வருடமாக மேப்பிள் நிழலில் இருக்கும் ஒன்றாம் மேசை அவருடையது. அத்தைக்குப் பன்னிரண்டாம் மேசை. காலை வெயில் நேராகக் கண்ணில் குத்தும்.

இந்த அக்டோபரில், கடைசி நாள் போட்டிக்கு முன்பு, அத்தை வெண்டலைவிட ஒரு தலைமுடி அளவு முன்னால் இருந்தார். அப்போதுதான் நான் உதவி செய்தேன்.

எனக்குத் திருமணமாகி நான்கு மாதம். அத்தை என்னிடம் அதுவரை பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் அடங்கும். சனிக்கிழமை மதியம் அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். குண்டும் வெடிமருந்தும் அடைத்துத் திரும்பத் திரும்பச் சுடும் இருபது பித்தளை உறைகள், சுட்டுச் சுட்டுக் கழுத்தெல்லாம் கரி. எனக்குப் பாவமாக இருந்தது. வினிகரில் ஊறவைத்தேன். பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, புட்டி கழுவும் பிரஷ்ஷால் உள்ளே வரை தேய்த்தேன். மனைவி மார்லிஸின் முடி உலர்த்தியால் ஒவ்வொன்றாகக் காயவைத்தேன்.

ஞாயிறு காலை, குண்டு நிரப்பும் கொட்டகையில் அத்தை பெட்டியைத் திறந்தார். இருபது தங்கப் பற்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"யாரு இதுகளைக் குளிப்பாட்டுனது?"

"நான்தான் அத்தை" என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ள நிமிர்ந்து நின்று.

"கழுத்துக்குள்ள இருந்த கரி எங்க?"

"அது அழுக்குதானே அத்தை..."

"மாப்ளே" என்றார். ஒரு உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். "அந்த அழுக்குலதான் குண்டு வழுக்கிக்கிட்டு உள்ள போகும். இருபது கழுத்தும் ஒரே மாதிரி புடிக்கும். இப்ப உள்ள வெறும் பித்தளை. ஒண்ணு கப்புனு புடிக்கும், இன்னொண்ணு ஏனோதானோன்னு புடிக்கும். அஞ்சு குண்டும் அஞ்சு ஊருக்குப் போகும்."

ஒரு குண்டைக் கை அழுத்தியில் வைத்து உறைக்குள் தள்ளிக் காட்டினார். கீச்ச்ச் என்று எலி மாட்டிக்கொண்டதுபோல் சத்தம். கொட்டகையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"டெல்ஃபி" என்றார் பக்கத்தில் குண்டு நிரப்பிக்கொண்டிருந்த வெண்டல், "நகைக்கடை வச்சிருக்கியா, சொல்லவே இல்ல?"

"உன் வேலையப் பாருய்யா."

உறையின் கழுத்தை இறுக்கும் எஃகு வளையங்கள் அத்தையிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். பிடியைத் தளர்த்தலாம் என்று ஒரு பங்கு அகலமான வளையத்தைப் போட்டு நிரப்பினார். முதல் சுற்றில் ஐந்து துளைகளும் அரை அங்குலத்துக்குச் சிதறிக் கிடந்தன. கால் அங்குலத்தையே கௌரவக் குறைவாக நினைப்பவர் அவர். வருட முன்னிலை ஒரே சுற்றில் போய்விட்டது.

"இறுக்கமா இருந்தது சரியாச்சு, லேசா இருந்தது இன்னும் லேசாச்சு" என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டில பேருந்துக் கதவுப் பூட்டுக்குப் போடுற பென்சில் கரித்தூள் டப்பா இருக்கும். எடுத்துட்டு வா. ஓடாத. நடந்து வா."

நடந்துபோய் எடுத்து வந்தேன். முதுகால் மறைத்துக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் தூளைத் தொட்டு இருபது கழுத்துக்குள்ளும் தடவினார். பழைய வளையத்தையே மறுபடி போட்டார். இந்த முறை குண்டுகள் சத்தமில்லாமல் உள்ளே போயின. வெளியே உறைகள் அதே தங்கப் பளபளப்பு.

இரண்டாம் சுற்றில் ஐந்து துளைகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரே ஓட்டையாகக் கிடந்தன. மூன்றாம் சுற்றிலும் அப்படியே.

எங்கள் சங்கத்தில் ஒரு வியாதி உண்டு. காலையில் ஒருவர் நன்றாகச் சுட்டால், அவர் செய்ததை மதியத்துக்குள் எல்லோரும் செய்திருப்பார்கள். ஒருமுறை ஒருவர் இடது காலில் மட்டும் செருப்போடு சுட்டு ஜெயித்தார். அடுத்த வாரம் கொட்டகை வாசலில் பதினோரு வலது செருப்புகள் கிடந்தன.

மதிய உணவில் வெண்டல் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, அந்த உறைகளை என்னதான் பண்ணின?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கடித்தபடி, "கேக்குறார்ல. உள்ளத சொல்லு மாப்ளே" என்றார்.

வினிகர், சோப்பு, பிரஷ், முடி உலர்த்தி. நான் செய்தது அவ்வளவுதான். பூட்டுக்குப் போடும் தூளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

சங்கச் சமையலறையில் சாலட்டுக்கு வைத்திருந்த வினிகர் அடுத்த பத்து நிமிடத்தில் காணாமல் போனது.

நான்காம் சுற்றில் வெண்டலின் துளைகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத உறவினர்கள்போல் தள்ளித் தள்ளி விழுந்தன. அத்தை மறுபடி முன்னால். மிச்சம் ஒரே ஒரு சுற்று. கொட்டகையில் வெண்டல் குண்டை அழுத்தினார். கீச்ச்ச். அடுத்தது. கீச்ச்ச். காது சிவந்துவிட்டது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் ஒரு பெண்ணைப் பார்த்து உறை கழுவினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அத்தை மூன்று கீச்சுகள் வரை பொறுத்தார்.

"மாப்ளே, இந்த டப்பாவ அந்தாளு முன்னால வச்சிட்டு வா."

"அத்தை, நாம ஜெயிச்சிக்கிட்டு இருக்கோம்."

"தெரியும். எலி கத்துறதக் கேட்டுக்கிட்டு என்னால மருந்து அளக்க முடியாது. போ."

வைத்தேன். வெண்டல் டப்பாவைப் பார்த்தார், அதன்மேல் இருந்த பூட்டுப் படத்தைப் பார்த்தார், பிறகு அத்தையின் முதுகைப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார், மெதுவாக, மரியாதையோடு.

கடைசிச் சுற்றில் அவர் சுட்டது அந்த நாளிலேயே மிகச் சிறிய ஓட்டை. அத்தையுடையது அதைவிடக் கொஞ்சம் பெரிது. கணக்கெழுதும் அயோனி அம்மா மூன்று முறை கூட்டிப் பார்த்தார்.

"வருடம் டெல்ஃபினுக்கு" என்றார் கடைசியில். "ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம்."

அத்தை கைகுலுக்கல்களை வாங்கிக்கொண்டு நேராக மேப்பிள் மரத்தடிக்குப் போனார். ஒன்றாம் மேசையின் சிமெண்ட் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் அசையவில்லை. பிறகு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யோவ் வெண்டல், இங்க ஐஸ் மாதிரி இருக்கு."

"ஆமா, வெயிலே வராது. ஆறு வருஷமா முட்டி வலி."

"ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே டெல்ஃபி."

"மாப்ளே" என்று கூப்பிட்டார் அத்தை. "வீட்ல கம்பளி மெத்தை ஏதாவது இருந்தா எடுத்துட்டு வா. எதையும் கழுவாம எடுத்துட்டு வா."