அமெரிக்கா அங்கிள் வீட்டுக்கு வந்த நாள்

"திறக்க வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம் அம்மா," என்றான் வாச்சர், கேற்றுக் கம்பிகளுக்குள்ளால் முகத்தைப் பாதி காட்டிக்கொண்டு.

"ஆர் சொன்னது?"

"உஷாந்தி மிஸ்."

"அவவைக் கூப்பிடு."

"கோல் எடுத்திட்டன். வாறாவாம்."

மலர்ச்சாலை வாகனத்தின் முன் இருக்கையிலிருந்து இறங்கி வந்த இரத்தினம்மா கேற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால், கண்ணாடிக்குள், பெட்டியில் கிடந்தார் அவளுடைய கணவர் நாகேந்திரம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் ஒரு வாகனம் நின்றால் மற்றது போக வழியில்லை. அதற்குள் இரண்டு ஓட்டோவும் காஸ் சிலிண்டர் ஏற்றிய லொறி ஒன்றும் பின்னால் வந்து நெருக்கிவிட்டன. லொறிக்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அம்மே, மெதன நவத்தன்ன பே," என்றான் சாரதி. அவள் திரும்பாததைக் கண்டு தமிழிலும் சொன்னான். "இங்க நிப்பாட்ட ஏலாது அம்மா. கனத்தைச் சுடலைக்குப் போவமா?"

"போவம். முதல்லை வீட்டை."

"கேட் பூட்டித்தானே."

"திறப்பினம்."

சொன்ன குரலில் அவளுக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாகேந்திரம் கடைசியாகக் கதைத்ததும் அதைத்தான். "ரத்தினம், வீட்டை போவம்." "டொக்டர் நாளைக்கு விடுவார், போவம்," என்று சொல்லி அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள். அந்த நாளை விடிவதற்கு முன்னமே எல்லாம் முடிந்துபோயிற்று. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒரு மனுசனுக்குச் சொல்லியாயிற்று. அவர் செத்துப்போனார் என்பதற்காக அதை விட்டுவிட முடியுமா என்ன? மலர்ச்சாலையில் ஒருவரையும் கேளாமல் சாரதியிடம் வீட்டு விலாசத்தைக் கொடுத்தது அதனால்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த பிரசாந் பின்னால் நின்ற ஓட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தான். நாகேந்திரத்தின் தம்பியின் மகன். கொள்ளி வைக்கப் போகிறவனும் அவன்தான்.

"பெரியம்மா, ஐயர் கனத்தைக்கு நேரை வெளிக்கிட்டிட்டாராம். எங்களுக்குத் தந்த நேரம் தவறினா அடுத்த ஆக்களை உள்ளை எடுத்திடுவாங்கள்."

"தெரியும் தம்பி."

"பிறகு ஏன் இதிலை நிக்கிறியள்?"

லொறிக்காரன் இறங்கி, சண்டைக்கு வருகிறவன் போல முன்னால் வந்தான். கண்ணாடிக்குள் பெட்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பிப்போய் ஏறினான்.

இந்தக் கட்டடத்தில் நாகேந்திரத்துக்குப் பெயர் அமெரிக்கா அங்கிள். அமெரிக்கப் பாஸ்போட், நியூ ஜேர்சியில் முப்பது வருடத்துக்கு மேல் தண்ணீர் இலாகாவில் இஞ்சினியர் வேலை. பென்சன் எடுத்துக்கொண்டு இருவரும் இங்கே நாலாம் மாடியில் வீடு வாங்கி வந்தபோது, ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் வருடா வருடம் விசாப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிற வெளிநாட்டுக்காரர் அவர்கள். விடிய வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மரைன் டிரைவில் நடப்பார்கள். எதிரே வருகிறவர் எவரானாலும் குட் மோர்னிங். காலையில் ஓட்ஸ், பென்னாம் பெரிய கோப்பையில் பால் விடாத கோப்பி. நவம்பரில் வான்கோழி கிடைக்காமல் ஒரு முழுக்கோழியைப் பேக் பண்ணி, எதிர்வீட்டுப் புவாத் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டு, சாப்பிட முன் ஆளாளுக்கு எதற்கு நன்றி என்று சொல்லச் சொன்னார் நாகேந்திரம். "கோழிக்குத்தான் நன்றி செல்லணும் அங்கிள், அதுதானே உசிரக் குடுத்திச்சி," என்றார் புவாத். நாகேந்திரம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நல்ல மனுசன். கட்டடத்துக்கு நல்லது செய்யவேண்டுமென்று நினைத்தவர். குப்பைக்கு மூன்று நிறத்தில் வாளி வைத்தார். புகை வந்தால் கத்துகிற மணி பூட்டுவித்தார். ஆடி அமாவாசைக்குச் சாம்பிராணி போட்ட வீடெல்லாம் அது கத்தியது. அதோடு நின்றிருக்கலாம்.

கேற்றுக்கு உள்ளே, நடையில் புவாத் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு நாகேந்திரத்தைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். புறக்கோட்டைக் கடையை அன்றைக்குத் திறக்கவில்லை.

"நான் செல்லிப் பாத்தன் அன்ரி. கேக்கிற மாதிரி இல்ல. மூணாம் மாடியில கலியாணம் ஈக்கிதாமே."

"கலியாணம் அடுத்த கிழமைதானே?"

புவாத் சொல்லத் தொடங்குவதற்குள் உஷாந்தி படியால் இறங்கி வந்துவிட்டாள். வங்கியில் மனேஜர், கட்டடக் கொமிற்றிக்குத் தலைவி, இரண்டாம் மாடி. வீட்டில் போடுகிற சோட்டிச் சட்டையோடு, தலை துவட்டாமல் வந்திருந்தாள். கேற்றுக்கு உட்பக்கமாக நின்றாள். வாகனத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரத்தினம்மாவை மட்டும் பார்த்தாள்.

"கேற்றைத் திறக்கச் சொல்லு பிள்ளை."

"நான் தனிய முடிவெடுக்கிற விசயமில்லை அன்ரி."

"கனநேரமில்லை. மேலை கொண்டுபோய் வாய்க்கரிசி போட்டிட்டு உடனை இறக்கிவிடுவம்."

"லிஃப்டுக்குள்ளை பெட்டி போகாது. படியாலை தூக்கோணும். படி மூண்டாம் மாடிக்காரற்றை வாசலாலைதான் போகுது. அங்கை நாளைக்குப் பொன்னுருக்கு."

"நாளைக்கோ?"

"தாலிக்குப் பொன் உருக்கிற வீட்டு வாசலாலை பிரேதம் கொண்டுபோக அவை விடுவினமோ? நீங்களெண்டா விடுவியளோ?"

"எனக்கு நாளைக்கெண்டு தெரியாது."

"தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு ஒருத்தற்றை வீட்டு விசயமும் தெரியாது. குட் மோர்னிங் மட்டும் தெரியும்."

"உஷா மிஸ்," என்று புவாத் மெல்ல இடையில் வந்தார்.

"நீங்கள் பொறுங்கோ புவாத் அண்ணா. நான் சத்தம் போடேல்லை." உண்மையில் அவள் குரல் தணிந்துதான் இருந்தது. "அன்ரி, என்ரை அம்மா செத்த அண்டைக்கு அங்கிள் எனக்குக் கோல் எடுத்தவர். என்ன கேட்டவர் தெரியுமோ? பிரேதம் பாக்கிற நேரம் எத்தினையிலையிருந்து எத்தினை மட்டுமெண்டு. நான் அம்மான்ரை தலைமாட்டிலை இருந்துகொண்டு அதுக்குப் பதில் சொன்னனான்."

"என்ன சொன்னனீ?"

"நாலிலையிருந்து ஆறெண்டு சொன்னன். வேறை என்னத்தைச் சொல்ல?"

இரத்தினம்மாவுக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. நாலு மணிக்குச் சரியாக இறங்கிப் போனார்கள். "நானும் வந்தனான் பிள்ளை."

"வந்தனீங்கள். பூங்கொத்து கொண்டு வந்தனீங்கள். ரெண்டு பேரும் எனக்குக் கை குடுத்தனீங்கள். பாய் விரிச்சிருந்தது, இருங்கோ அன்ரி எண்டு சொன்னன். இருக்கேல்லை."

"இருந்தா உங்களுக்குக் கரைச்சலெண்டு நினைச்சம். அங்கை அப்பிடித்தான்..."

"கரைச்சல் குடுக்கத்தானே அன்ரி செத்தவீட்டுக்கு வாறது."

ரயில் ஒன்று கடற்கரைப் பக்கமாகத் தெகிவளைக்குப் போயிற்று.

"அதுவும் போகட்டும்," என்றாள் உஷாந்தி. "அம்மான்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடியேல்லை. அதுக்கிடையிலை கூட்டம் வைச்சு, இனிமேல் பிரேதம் இந்தப் பில்டிங் மாடிக்கு ஏத்தக் கூடாது, சுகாதாரக் கேடு எண்டு ஆர் சொன்னது? அமெரிக்காவிலை ஒருத்தரும் வீட்டுக்குள்ளை வைக்கிறேல்லையெண்டு ஆர் சொன்னது? நான் அதிலைதான் இருந்தனான், மூண்டாவது கதிரையிலை. முதல் கை அங்கிளின்ரை. ரெண்டாவது கை உங்கடை."

"ஓம்."

"ஏன் உயர்த்தினீங்கள்?"

"அவர் பக்கத்திலை இருந்தவர். அவர் உயர்த்தினா நானும் உயர்த்துறது. உன்னை நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்திருந்தாலும் உயர்த்தியிருப்பன். அப்ப விளங்கேல்லை."

"இப்ப?"

"இப்ப நான் கரைச்சல் குடுக்கத்தான் வந்து நிக்கிறன்."

உஷாந்தி படிப்பக்கம் அண்ணாந்து பார்த்தாள்.

"நான் மேலை போய் அவையைக் கேக்கேலாது," என்றாள் இரத்தினம்மா. "இந்தக் கோலத்திலை ஒரு கலியாண வீட்டுப் படியை நான் மிதிக்கக் கூடாது. அவ்வளவு எனக்கும் தெரியும். நீ போய்க் கேள். ஏலாதெண்டா ஏலாதெண்டு வந்து சொல்லு. நான் இதிலை நிக்கிறன்."

உஷாந்தி திரும்பிப் படியேறினாள். கேற் பூட்டியபடியே இருந்தது.

"மனசு கல்லு," என்று பிரசாந் முணுமுணுத்தான்.

"அவளைச் சொல்லாதை," என்றாள் இரத்தினம்மா.

கைப்பைக்குள் போன் அடித்தது. சுபோதினி, நியூ ஜேர்சியில் இருக்கிற ஒரே மகள். டிக்கெட் கிடைத்தும், கனெக்சன் பிளைட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று வராமல் நின்றவள். அங்கே இன்னும் விடியவில்லை. திரையில் அவள் முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, கிரமற்றோரியத்துக்குப் போயிட்டீங்களா?"

"இல்லைப் பிள்ளை. கேற்றடியிலை நிக்கிறம்."

"எந்தக் கேற்? ஏன் ரோட்டிலை நிக்கிறீங்கள்?" நடந்ததைப் பிரசாந் சுருக்கமாகச் சொன்னான். சுபோதினி மூக்கை உறிஞ்சினாள். "அம்மா, ப்ளீஸ். அப்பாவே இதை விரும்பியிருக்க மாட்டார். அந்த ரூலைக் கொண்டு வந்தது அப்பாதானே. எங்களுக்குக் கோல் எடுத்து எவ்வளவு பெருமையாச் சொன்னவர்."

"ஓம். சொன்னவர். அப்ப அவர் உயிரோடை இருந்தவர்."

"அதுக்கில்லை அம்மா. மற்றவைக்கு இன்கன்வீனியன்ஸ்..."

"பிள்ளை, நீ கட் பண்ணாமல் வைச்சிரு. ஆனா கொஞ்ச நேரம் கதையாதை."

சாரதி என்ஜினை நிறுத்திவிட்டான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்கு எடுத்து வேறு ஒழுங்கையால் போயிருந்தார்கள். இரத்தினம்மா அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடி பல்கனியில் ஒருவரும் இல்லை. கதவுச் சீலை மட்டும் ஆடியது. மேலே ஒரு பெண்குரல் உயர்ந்தது, பிறகு ஆண்குரல், பிறகு எதுவும் கேட்கவில்லை. ஓம் என்று சொன்னால் இவ்வளவு நேரம் ஆகாது என்று அவளுக்குப் பட்டது. இல்லை என்பதற்கும் இவ்வளவு நேரம் தேவையில்லைத்தானே என்றும் பட்டது. கேற்றைப் பிடித்திருந்த கையில் துருவும் வியர்வையும் ஒட்டியது.

உஷாந்தி இறங்கி வந்தாள். கடைசிப் படியிலேயே நின்று சொன்னாள்.

"ஏலாதாம் அன்ரி. ஒரே பெட்டைப் பிள்ளையாம். கும்பிட்டுக் கேக்கிறமாம், படியாலை வேண்டாமாம். அந்த மனுசி அழுகுது."

பிரசாந் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இரத்தினம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"சரி," என்றாள். "அவை சொல்லுறதும் சரிதான்."

அவள் கேற்றை விட்டாள். வாகனத்தின் பக்கம் திரும்பி ஒரு அடி வைத்தாள். புவாத் கேற்றுக்கு உள்ளேயிருந்து கையை நீட்டினார், எட்டவில்லை.

"அன்ரி, எங்கை போறியள்?" என்றாள் உஷாந்தி.

"கனத்தைக்கு."

"நான் படியாலை ஏலாதெண்டுதானே சொன்னனான்." அவள் வாச்சரைப் பார்த்தாள். "கேற்றைத் திற. கார் பார்க்கிலை வைப்பம். என்ரை காரை நான் வெளியிலை எடுக்கிறன்."

"மிஸ், கொமிற்றி..."

"அதுக்கும் ஆரும் கை உயர்த்தோணுமெண்டா நாளைக்குக் கூட்டம் வைப்பம். இப்ப திற."

தூண்களுக்கு நடுவே, கட்டடத்துக்கு அடியில் அந்தக் கார் பார்க். சாரதி வாகனத்தைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துக் கேற் வாசலை விட்டான். உஷாந்தி சோட்டியோடேயே காரைப் பின்னுக்கு எடுத்து ஒழுங்கையில் கொண்டுபோய் விட்டாள். புவாத்தின் வேன் போயிற்று. முதலாம் மாடிக்காரர் சாறத்தோடு இறங்கி வந்து தன் காரை எடுத்தார். கடைசியாக மூன்றாம் மாடிக் கல்யாண வீட்டுத் தகப்பன் வந்தார். ஒருவரையும் பாராமல் காரில் ஏறினார். நாகேந்திரத்தின் வாகனத்தை உரசாமல் மெதுவாகத் திருப்பி வெளியே போனார். போனவர் திரும்பி உள்ளே வரவில்லை. ஒழுங்கையின் அந்தப் பக்கத்து மதிலோரம் கைகட்டிக்கொண்டு நின்றார், வீட்டுக்குள்ளும் போகவில்லை.

பிரசாந், புவாத், வாச்சர், சாரதி நால்வருமாகப் பெட்டியை இறக்கினார்கள். வாச்சர் தான் இருக்கிற மர வாங்கையும், உஷாந்தி வீட்டு வாங்கையும் கொண்டுவந்து போட்டான். நாகேந்திரத்தின் நாலாம் மாடி வீட்டு இலக்கம் எழுதிய இடத்தில், ஓயில் சிந்திக் கறுத்திருந்த சீமெந்தின் மேல், வைத்தார்கள். புவாத்தின் மனைவி பஹ்மியா ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். உஷாந்தி விளக்குக் கொண்டுவந்தாள். காற்றுக்கு அது நிற்கவில்லை. இரண்டு தரம் அணைந்தபின் முதலாம் மாடிக்காரர் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இருட்டா இருக்கு," என்றது போன். "எனக்கு அப்பாவைத் தெரியேல்லை. எங்கை இருக்கிறீங்கள்? வீட்டையா?"

"ஓம் பிள்ளை," என்றாள் இரத்தினம்மா. போனைப் பிரசாந்திடம் கொடுத்தாள். "வீட்டைதான்."

சனம் வரத் தொடங்கியது. அவளுக்குப் பெயர் தெரியாதவர்கள். லிஃப்டில் வணக்கம் சொன்னவர்கள், சொல்லாதவர்கள். எவரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. வந்தவர்கள் வந்த இடத்தில் பாயிலும் சீமெந்திலும் இருந்தார்கள். ஒரு கிழவி, ஐந்தாம் மாடிக்காரி, நேரே வந்து இரத்தினம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டில் அழத் தொடங்கினாள். அந்தக் கிழவியின் கனம் முழுவதும் இரத்தினம்மாவின் மேல் இருந்தது. அவள் அப்படியே தாங்கிக்கொண்டிருந்தாள்.

"நேரம் பெரியம்மா," என்றான் பிரசாந்.

உஷாந்தி ஒரு தட்டில் அரிசியைக் கொண்டுவந்து நீட்டினாள். முதலில் மனைவி. இரத்தினம்மா எழுந்து, ஒரு கை அரிசியை எடுத்து, அவர் வாயருகே கொண்டுபோனாள். அரைவாசி உதட்டில் விழுந்தது, அரைவாசி அவருடைய கடல்நீலக் கோட்டின் கொலரில் சிந்திற்று.

அவள் பின்னுக்குப் போகவில்லை. கீழே குனிந்தாள். கொலரில் கிடந்த அரிசியை இரண்டு விரலால் ஒன்று ஒன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். துணி மடிப்புக்குள் போனதையும் நகத்தால் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை சரிவுப் பாதைவரை நீண்டு நின்றது. பிரசாந் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடத்திலேயே நின்றான்.

எடுத்ததை எங்கே போடுவதென்று தெரியாமல் அவள் விரல்கள் நின்றன. உஷாந்தி தட்டை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையை அவள் முன்னால் விரித்தாள். இரத்தினம்மா அதில் ஒரு அரிசியை வைத்தாள். பிறகு திரும்பக் குனிந்தாள்.