ஐந்தாம் மெஷினில் திறக்கும் பக்கம்

அஸர் தொழுகைக்குப் பிறகு பொலிஸ் ஜீப் சோதனைக்கு வரும். அதற்குள் மாத்தளை டவுனில் இருக்கும் ஸக்கரியாவின் இன்டர்நெட் கடையில், அரசாங்கம் தடைசெய்த செய்தித்தளம் எந்த மெஷினிலும் திறக்கக் கூடாது. திறந்தால் வாப்பாவை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஸக்கரியாவின் பதினாறு வயது மகள் ஹமீமா காலையிலிருந்தே அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மெஷின்களும் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் வெளியே போகும். ஒருவர் பார்த்த பக்கத்தை அது சேமித்து வைத்து அடுத்தவருக்குச் சட்டென்று கொடுக்கும். ப்ராக்ஸி என்று சொல்லி அதை அமைத்துத் தந்த மச்சான் இப்போது கட்டாரில் இருந்தார். போனில் அவர் சொல்லச் சொல்ல ஹமீமா ஒரு விதி எழுதினாள். யாராவது அந்த முகவரியைக் கேட்டால், ப்ராக்ஸி அதை மாற்றி ‘அனுமதி இல்லை’ என்ற பக்கத்துக்கு அனுப்பிவிடும். நான்கு மெஷின்கள் சொன்னபடி கேட்டன. ஐந்தாவது மட்டும் செய்தித்தளத்தையே காட்டியது.

“ஏ புள்ள, இன்னும் தொறக்குதே!”

“தெரியுது வாப்பா.”

“தெரிஞ்சா நிப்பாட்டேன்.”

“நிப்பாட்டத்தானே பாக்குறேன்! நீங்க தலைமாட்டுல நின்னு மூச்சு விட்டா நின்னுருமா?”

விதியை அழித்து மறுபடி எழுதினாள். ப்ராக்ஸி சேமித்ததையெல்லாம் துடைத்தாள். மூடித் திறந்தாள். அந்தப் பக்கம் அசையவில்லை.

“வயரப் புடுங்கிப் பாத்தியா?”

“புடுங்குறேன், இந்தா, புடுங்கிட்டேன்! இப்பச் சந்தோஷமா?”

எரிச்சலில் ஐந்தாம் மெஷினின் வயரை இழுத்தெறிந்துவிட்டு எண்டரைத் தட்டினாள். பக்கம் திறந்தது.

வாப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“ஜின் வேலையா புள்ள?” என்றார் ஸக்கரியா மெல்ல.

ஜின் இல்லை. யாரோ பிரவுசரை இணையத்துக்குப் போகாமல் ஆஃப்லைனில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எப்போதோ பார்த்த பக்கம் மெஷினுக்குள்ளேயே கிடந்தது. ப்ராக்ஸியிடம் எதுவும் கேட்கப்படவே இல்லை. கேட்காததை அது எப்படி மாற்றும்? “சனியனே,” என்று திட்டிக்கொண்டே ஹமீமா அதை ஒட்டத் துடைத்தாள். பிரவுசரை மறுபடி வெளியே போகவிட்டு வயரை மாட்டினாள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தது.

அப்போதுதான் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் கிளாக்கர் சிவசுப்பிரமணியம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் வருவார், ஐந்தாம் மெஷினில்தான் உட்காருவார். உட்கார்ந்தவர் திரையையே பார்த்தார்.

“பிள்ளை, இதில ஒரு படம் வைச்சிருந்தனான்.”

“என்ன படம் சேர்?”

“அந்தச் செய்தியில வந்தது. சண்டையில இடம்பெயர்ந்த சனத்தின்ர முகாமில தண்ணிக்கு வரிசை. மூண்டாவதா அம்மா நிண்டவ. உயிரோட இருக்கிறா எண்டதுக்கு அது ஒண்டுதான். தளத்தில இருந்தும் அதை எடுத்துப்போட்டாங்கள்.”

“பிரிண்ட் எடுத்திருக்கலாமே சேர்!”

“எடுத்து? செக்பொயின்ற்ல பையைத் திறக்கேக்க என்ன சொல்லுறது?”

வெளியே ஜீப் நின்றது. ஸக்கரியா அவரைக் கையைப் பிடித்து எழுப்பினார். வந்த அதிகாரி அதே கதிரையில் உட்கார்ந்து முகவரியைத் தட்டினார். ‘அனுமதி இல்லை.’ “ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று வாப்பா கதிரையில் சரிந்தார்.

சிவசுப்பிரமணியம் போகவில்லை. “திரும்ப எடுக்கேலாதோ பிள்ளை?”

ஏலாது என்று ஹமீமாவுக்குத் தெரியும். “பாக்குறேன் சேர்,” என்று உட்கார்ந்து, தேடுகிறவள் போலக் கீபோர்டைத் தட்டத் தொடங்கினாள்.