கிளம்பியாயிற்று

அன்று காலை அப் காதோவின் அடுப்படியில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சன்னலோரத்தில் பெரியவர் அப் காதோ, மடியில் பஞ்சாங்கத்தோடு. அடுப்பை ஒட்டி அவர் மனைவி அம் சிதே. அவளுக்குப் பின்னால், காற்றுப் படாத மூலையில், மருமகள் ஓம். அவள் மார்பில் இன்னும் பெயர் வைக்காத பச்சைக் குழந்தை. விருந்தாளிகளுக்கென்று விரித்த தடித்த கம்பளத்தில் மார்லீன் என்ற ஹாலந்துக்காரப் பெண்மணி. கதவுப் பக்கத்தில் என் பெட்டியின் மேல் நான்.

சன்னலுக்கு வெளியே ஒரே ஒரு நெல்வயல். வயலுக்கு அந்தப் பக்கம் என் வீடு.

நான் சுற்றுலா வழிகாட்டி. எங்கள் மலைநாட்டு விமான நிலையமான பாரோவில் இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு புனாகா, புப்ஜிகா என்று சுற்றிக் காட்டுவது என் வேலை. ஆஸ்திரியாவில் ஒரு வருடப் பயிற்சிக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. அது எனக்கு வந்தது. விமானம் வியாழக்கிழமை.

"உன் பிறந்த வருஷத்துக்கு வியாழன் ஆகவே ஆகாது," என்றார் அப் காதோ. எங்கள் பக்கத்துக்கு நாள் பார்ப்பவர் அவர்தான். "செவ்வாய்க்கிழமை கிளம்பிடு. கிளம்பி எங்க வீட்ல தங்கு. அப்புறம் வியாழக்கிழமை நீ விமானம் ஏறுறது பயணத்துக்கு நடுவுலதானே? தொடக்கத்துல இல்லையே!"

அப்படியே செய்தோம். ஊரே வந்து கழுத்தில் வெள்ளைத் துண்டு போட்டது. எதிரே ஒருத்தி நிறைகுடத்தோடு வந்தாள். வரச் சொல்லி வைத்திருந்தோம். திரும்பிப் பார்க்காமல் வயலைத் தாண்டி இந்த வீட்டுக்குள் வந்தேன்.

வியாழக்கிழமை மேகம் இறங்கி மலைகளை மூடிக்கொண்டது. எங்கள் ஊரில் மலை கண்ணில் படாமல் விமானி இறங்க மாட்டார். வெள்ளியும் அப்படியே. சனியும் அப்படியே. கிளம்பிவிட்டவள் போய்ச் சேர முடியாமல், வீட்டுக்கும் போக முடியாமல், பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். இதற்கு நடுவில் என் மகள் தெமாவுக்குத் தட்டம்மை போட்டுவிட்டது.

மார்லீனும் அதே விமானத்துக்குக் காத்திருந்தவள். என்னோடு நாடு முழுவதும் சுற்றியவள். விமானம் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்க அன்று காலை விடுதியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"அது உங்க வீடுதானே? அன்னிக்கு அங்கதானே சாப்பிட்டோம்?"

"ஆமா."

"பொண்ணுக்கு உடம்பு சரியில்லேங்கிறீங்க. அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"நான் கிளம்பியாச்சு. திரும்பி வாசப்படி ஏறினா, கிளம்பினது செல்லாது."

முன்பு வண்டியில் போகும்போது இந்த வழக்கத்தை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். 'எங்கள் மக்கள் சாமர்த்தியசாலிகள், கெட்ட நாளையே ஏமாற்றிவிடுவார்கள்' என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தவள்தான். இன்று சிரிக்கவில்லை.

"யாரு பாக்கப்போறாங்க?" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று அப் காதோ கேட்டார். சொன்னேன்.

"வானம் பாக்குதுன்னு சொல்லு."

"வானமா?" என்றாள் அம் சிதே. "விடிஞ்சதுலேர்ந்து சன்னலை விட்டு நகராம இவருதான் பாத்துட்டிருக்காரு. சாணி அள்ளக்கூட எந்திரிக்கல."

அப்போது வயலுக்கு அந்தப் பக்கம் என் கணவன் ரிஞ்சின் வந்து நின்றான். காலையில் ஒரு தரம் வந்து நின்று சேதி கத்துவான்.

"சாப்பிட்டாளா?" என்று நான் கத்தினேன்.

"சாப்பிட்டா! ரெண்டு கிண்ணம்!"

நல்லாயிருக்கும்போதே தெமா ஒரு கிண்ணத்தை முடிக்க மாட்டாள். அவனுக்குப் பின்னால் மாடி சன்னலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை, தொண்டை கட்டிப்போய் 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டது. அந்தச் சன்னல் இடுக்கு வழியாக அவளுக்கு நான் தெரிவேன் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

"நான் போனா என்ன ஆகும், அப்?"

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அவசரமே இல்லை அவருக்கு. "போக்கு அறுந்துபோகும். உனக்கு அடுத்த நல்ல நாள் பத்தாம் மாசம்."

"அதுக்குள்ள அங்க பாதிப் பாடம் முடிஞ்சிருக்கும். இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். இன்னொண்ணும் கேட்டுக்க. நீ திரும்பிப் போய், பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ திரும்பினதாலதான்னு ஊரு சொல்லும். அதுக்கப்புறமும் விமானம் ஏறி, உனக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா, நாள் பாத்துக் குடுத்த என்னைச் சொல்லும்."

மூலையிலிருந்த ஓம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "போறதுன்னா போ அக்கா. நான் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா அந்த நோவைத் தொட்டுட்டு மறுபடி இங்க வராதே. இவன் பொறந்து எத்தனை நாளாச்சு, சொல்லு."

அவள் சொன்னது நியாயம். எல்லோருமே நியாயத்தைத்தான் சொன்னார்கள். எழுந்தேன். பெட்டியைத் தூக்கவில்லை. அப் காதோ முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வரப்பில் சேறு. நான் வருவதைப் பார்த்து ரிஞ்சின் ஓடிப்போய், எங்கள் மரப்படியின் உச்சியில் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நின்றான். மாடுகூட மிரட்டினால் ஒதுங்கி வழிவிடுகிற ஆள்.

"வராதே, லாடென்."

"நகரு."

"நீ இந்த வீட்ல இல்ல. கிளம்பிட்டே. நம்ம வீட்லேர்ந்து ஒருத்தராவது வெளிநாடு போவாங்கன்னு நினைச்சேன். கெடுத்துக்காதே. நான் பாத்துக்குறேன்."

"ரெண்டு கிண்ணம் சாப்பிட்டாளா?"

கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"ராத்திரி தூங்கினாளா?"

"தண்ணிகூட எறங்கல," என்றான். ஒரு கையை எடுத்தான், மற்றதையும் எடுத்தான். நான் ஏறினேன்.

வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சன்னலை அடைத்திருந்தான் ரிஞ்சின். இருட்டில் உடம்பெல்லாம் செம்புள்ளியோடு கிடந்தாள். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்ல என்ன பண்ணிட்டிருந்தே?" என்றாள். அவ்வளவுதான். கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் விட்டேன். சாயங்காலத்துக்குள் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் காலை விமானம் வந்தது. நான் பார்க்கவில்லை, அடைத்த சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். மலைகளுக்கு நடுவே சத்தம் வளைந்து வளைந்து இறங்கியது. ரிஞ்சின் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"பெட்டி அங்கதான் இருக்கு," என்றான். "அம் சிதேகிட்ட சொன்னா வாசல்ல கொண்டுவந்து வெப்பா."

"வெச்சா?"

தெமாவின் தலை என் தொடை மேல் சூடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடி கிளம்பி, மேலே ஏறி, தேய்ந்து போயிற்று. மார்லீன் போயிருப்பாள்.

அதற்குப் பிறகு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லேன்னு எழுது. அது போதும்," என்றான் ரிஞ்சின்.

"சரி, அவ குணமானதும் வான்னு அவங்க எழுதினா?"

"அப் காதோவைத்தான் கேக்கணும்," என்றான்.

கோபம்தான் வந்தது, ஆனால் அவன் மேல் இல்லை. எனக்கும் அதே பதில்தான் முதலில் தோன்றியிருந்தது.

எழுதினேன். ஒன்று, மகளுக்குத் தட்டம்மை. விமானம் ஏற முடியவில்லை. இரண்டு, எனக்கு அடுத்ததாகத் தேர்வான, ஹா என்ற ஊரைச் சேர்ந்த உக்தேனை அனுப்பலாம். மூன்றாவதாக, அடுத்த வருடம் இடம் கிடைத்தால் என்று தொடங்கி, அதை அடித்துவிட்டேன். அடித்தல் அசிங்கமாகத் தெரிந்தது. வேறு தாளில் திரும்ப எழுதினேன். அதில் இரண்டே விஷயங்கள். பயணம் பாதியில் நிற்கிறது என்றோ, இது முடிந்ததா முடியாததா என்று சொல்லக்கூடியவர் வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அவர் வீட்டுக்குள் இப்போது நான் போக முடியாது என்றோ எழுத அலுவலகக் கடிதத்தில் இடம் ஏது?

கஞ்சிக் கிண்ணத்தில் ஒட்டிக் கிடந்த சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையின் வாயை ஒட்டினேன். எங்கள் அலுவலகம் இருக்கிற திம்புவுக்குப் போகும் பேருந்து வளைவில் ஒலி எழுப்பியது. ரிஞ்சின் உறையை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினான். சன்னல் பலகையைக் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தேன். பேருந்து நிற்கவில்லை, வேகத்தைத்தான் குறைத்தது. நடத்துநர் கையை நீட்டி உறையை வாங்கிக்கொண்டார்.