கேட்கிறது என்று ஒரு டிக்

...பாப்பாவைப் பரிசோதிக்கிற இந்தம்மா டிக் போடுகிற வேகத்தைப் பார்த்தால் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது, கட்டை அடுக்கவில்லை, டிக், ஒரு சொல்லும் பேசவில்லை, டிக், இரண்டரை வயதுப் பிள்ளையின் வளர்ச்சியை அரைமணி நேரத்தில் எடைபோட இவள் யார்... அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். குட்டி மேசைக்கு அந்தப் பக்கம் பாப்பா, இடது காலில் பட்டை போட்ட பூட்ஸ், அந்தக் கால்தான் குறை, மற்றதெல்லாம் தானாக வரும் என்றுதானே இத்தனை நாள் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு எதிரே மனைவி. இவளும் காலையிலிருந்து ஒரு மாதிரி, "நீங்க அங்க வந்து வாயத் திறக்காதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள், ஏன் சொன்னாள், எதை மறைக்கிறாள்...

அந்தம்மா பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சின்ன மணியை ஆட்டினாள். பாப்பா சட்டென்று திரும்பினாள். "காது நல்லாக் கேக்குது. அப்போ பேச்சு வராததுக்குப் புத்தி வளர்ச்சிதான் காரணம்னு எழுதணும்." பேனா நகர்ந்தது. கேட்கிறதா? நேற்று பாத்திர அடுக்கு சரிந்து விழுந்தபோது பாப்பா நிமிரவேயில்லையே, விளையாட்டு மும்முரம் என்று மனைவிதானே சொன்னாள்... மறுபடி மணி, இப்போது இடப்பக்கம். அவன் மனைவியைப் பார்த்தான். மணியைத் தூக்கியதும் அவள் கண் அங்கே ஓடியது, அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த பாப்பா அதே பக்கம் திரும்பினாள், மணி இன்னும் ஆடக்கூட இல்லை. மனைவி இதைத் தெரிந்து செய்கிறாளா, தெரியாமலா...

"நீ கண்ண மூடு" என்றான் மனைவியிடம்.

"என்னங்க இது, இங்க வந்துமா..."

"மூடு சொல்றேன். மேடம், இன்னொரு தடவ அடிங்க."

"சார், நான் இத இருபது வருஷமாப் பண்றேன்."

"அப்போ இன்னொரு நிமிஷம் பண்ணா கை தேஞ்சிடாது."

மனைவி கண்ணை மூடினாள். மணி அடித்தது, கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும், பாப்பா அசையவில்லை. அம்மாவின் மூடிய இமைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அவன் பக்கம் திரும்பி அவன் முகத்தில் தேட ஆரம்பித்தாள், கண், நெற்றி, வாய், மறுபடி கண்... அந்தம்மா எழுதியதை அடித்துவிட்டு, "காது டாக்டர்கிட்ட முதல்ல காட்டணும்" என்றாள், குரல் இறங்கியிருந்தது. பார்த்தாயா, விட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று மனம் துள்ளப்போன நேரத்தில் அது வந்து இடித்தது, பாப்பாவுக்கு இத்தனை நாளும் எல்லாமே எங்கள் முகத்தை வைத்துத்தானா, அப்படியென்றால் அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் என் முகம் என்ன சொன்னது, டாக்டர்களை முறைத்தபோது, இவள் அம்மாவை ஓரக்கண்ணால் அளந்தபோது... அவன் அவசரமாகச் சிரித்தான். பாப்பா அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்தாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.