அக்கா வீட்டு எடைக்கல்

மாமா அவனுக்கு வைத்த பெயர் எடைக்கல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதை அரசாங்கக் காகிதங்கள் மட்டும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

செருப்புக் கடையில் இருபது வருடம் ஊரார் பாதங்களை மடியில் வைத்து அளவு பார்த்தவன். கடையை மூடியதும், “ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா” என்று ஒரு பையோடு வந்தான். அந்த இரண்டு நாள் மூன்றாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவன் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். எழுந்தால் வீடே அப்பாடா என்று மூச்சு விடும்.

பின்பக்கம் ஓர் அறை, ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு. உலகத்தில் அவனுக்கு இருந்த இடம் அவ்வளவுதான். அதற்கு அவன் கொடுத்த வாடகை, அவனுடைய உடம்பு.

அக்காவின் புருஷன், அதாவது மாமா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முட்டி போய்விட்டதால் இரண்டு சக்கர வண்டியைக் காலூன்றித் தாங்க முடியவில்லை. பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து மூன்று சக்கர வண்டியாக்கித் தரச் சொல்லி ஒரு வெல்டரிடம் கொடுத்தார். அந்தப் புண்ணியவான் ஒரு பாலத்துக்கு வேண்டிய இரும்பை அதில் இறக்கிவிட்டான். வண்டி தெருவில் போனால் பக்கத்துத் தெருவில் பாத்திரம் உருளும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா அதன் அடியில் படுப்பார். கிரீஸ் வைப்பார், பிரேக்கைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். “அடுத்தவன் கை என் வண்டியில படக்கூடாது” என்பார். அடுத்தவன் கை கூலி கேட்கும் என்பதுதான் உண்மை. வண்டியைத் தூக்க ஜாக்கி வாங்கினாரா என்றால், மாமாவிடமிருந்து காசு வருவதற்கு முன் கல்லிலிருந்து பால் வந்துவிடும். இடித்த கட்டடத்தில் சும்மா கிடந்த ஒரு நீளமான மர உத்திரத்தை இழுத்து வந்தார். அதன் ஒரு நுனியைப் பின் ஆக்சிலுக்கு அடியில் செருகி, சற்றுத் தள்ளி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். நீண்ட மறுநுனியில் மச்சினனை உட்காரவைத்தார். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா மாதிரி இந்தப் பக்கம் இவன் இறங்க, அந்தப் பக்கம் இரண்டு சக்கரமும் அந்தரத்தில் ஏறின.

“அடியில ஸ்டாண்டு வைங்க சார், ஆபத்து” என்று எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மதில்மேல் தலையை நீட்டினார்.

“ஸ்டாண்டு சும்மாவா வருது? எங்கிட்ட எடைக்கல்லு இருக்கு. டேய் மச்சான், தும்மாதே!”

அவன் தும்ம மாட்டான். மூன்று மணி நேரம் வெயிலில் குடை பிடித்தபடி அசையாமல் இருப்பான். மூக்கில் ஈ உட்கார்ந்து குடும்பம் நடத்தினாலும் அசைய மாட்டான். வேலை முடிந்ததும் எழுந்துவிடவும் மாட்டான். பின்பக்கத்தால் விரல்கடை விரல்கடையாக முட்டுக்கட்டையை நோக்கி நகர்ந்து வருவான். வண்டி, பூனை பாதம் வைப்பதுபோலத் தரையைத் தொடும். இந்த வித்தையை யாரும் வித்தை என்று நினைக்கவில்லை.

அக்கா கெட்டவள் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மழைக்காலத்தில் அவள் கரண்டியைச் சின்னதாக்கினாள். முட்டை நின்றது. இரண்டாம் தடவை சோறு கேட்டால், “தம்பி, உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன், உடம்பைக் குறை” என்று பானையை மூடினாள். மூன்றே மாதத்தில் அவன் சட்டைக்குள் இன்னொரு ஆள் குடியேறலாம் போல ஆனது.

ஒரு ஞாயிறு, உத்திரம் நடுங்கியது. கீழே இருந்து மாமாவின் குரல் வந்தது. “என்னடா ஆடுது? நன்றி கெட்டவனே, எடை குறைஞ்சிட்டியா? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே இளைக்கிறியா?”

“இல்ல மாமா, காத்து.”

அறை போய்விடும் என்ற பயம் அவனைக் கெட்டிக்காரனாக்கியது. அடுத்த வாரம் அவன் அரைக்கால் சட்டையின் பைகளில் நட்டும் போல்ட்டும் இருந்தன. அதற்கடுத்த வாரம் வயிற்றில் துண்டைக் கட்டி, அதற்குள் இரண்டு செங்கல். பிறகு நான்கு. நடக்கும்போது கட்டட வேலை நடக்கும் சத்தம் கேட்டது. மாமா மகிழ்ந்துபோனார். “பாத்தியா, அரைச் சோத்துலயே ஆளு ஏறிட்டான்!”

ஏழாவது செங்கல்தான் காட்டிக்கொடுத்தது. நடு வேலையில் துண்டு அவிழ்ந்து, செங்கல் ஒவ்வொன்றாக அவன் வயிற்றிலிருந்து பிரசவமாயின. வண்டி மாமாவின் மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. அவர் ஊர்ந்து வெளியே வந்து, செங்கலைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை. மாமா சிரித்தார்.

“ஏய், இங்க வாடி! உன் தம்பி ஒரு கண்டுபிடிப்பு பண்ணியிருக்கான். கல்லே தூக்கும்னா, கல்லுக்குச் சோறு எதுக்கு?”

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். “மணல் மூட்டைன்னா இன்னும் வசதிங்க. மூட்டைக்குக் கட்டிலும் வேணாம்.”

சனிக்கிழமை நான்கு மூட்டை மணல் வந்து இறங்கியது. ஞாயிறு காலை அவனுடைய பை வாசலில் இருந்தது. துணிகளை மடித்து வைத்தவள் அக்காதான். அவளுக்குப் பாசம் உண்டு.

“போயிட்டு வாடா தம்பி. உனக்கு ஒரு இடம் கிடைக்காமலா போயிடும்?”

அவன் பையைத் தூக்கினான். கேட் வரை போனான். எங்கே போவது என்று தெரியாததால் அங்கேயே நின்றான். உள்ளே மூட்டைகளால் வண்டி ஜம்மென்று ஏறியது. மாமா இரண்டு மணி நேரம் பாடிக்கொண்டே வேலை பார்த்தார்.

“முடிஞ்சுதுடி! நான் வெளியே வரேன். நீ ஒரு மூட்டையை எடு, மெதுவா இறங்கும்.”

மூட்டைக்கு நகரத் தெரியாது என்பதை அவன் ஒருவன்தான் அறிவான். வாயைத் திறந்தான். பிறகு, யோசித்து, மூடிக்கொண்டான்.

அக்கா மூட்டையை இழுத்தாள். உத்திரம் வானத்தைப் பார்த்துத் துள்ளியது. மற்ற மூன்று மூட்டைகளும் பறந்து, கிழிந்து, முற்றமெல்லாம் கடற்கரையானது. வண்டி தொம்மென்று விழுந்தது. மாமாவின் உடம்பு வெளியே வந்திருந்தது. வலது பாதம் மட்டும் வரவில்லை. அது டயருக்கு அடியில் இருந்தது. மாமா போட்ட சத்தத்தில் மூன்று தெரு நாய்கள் தங்கள் தொழிலை விட்டுவிடலாமா என்று யோசித்தன.

“தம்பி! ஓடி வாடா! ஏறி உக்காருடா!”

அவன் நடந்து வந்தான். பையைக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்தான்.

“இடம் பாக்கணுமேக்கா. நேரமாகுது.”

“டேய், உன் ரூமு உனக்குத்தான்டா!”

“மூணு வேளை?”

“நாலு வேளை!” என்றார் தரையிலிருந்து மாமா.

“முட்டை?”

“ஒண்ணு” என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

“ரெண்டு தரேன்டா!” என்று மாமா அலறினார். “மூணு! கோழியையே தரேன்! ஏய், நீ வாயை மூடுடி, காலு உன்னுதா என்னுதா?”

அவன் திருப்தியாக எழுந்து, தலைக்குமேல் நின்ற உத்திர நுனியை எட்டிப் பிடித்துத் தொங்கினான். கால் தரையை விட்டது. உத்திரம் ஒரு நூல்கூட அசையவில்லை.

“என்னடா ஆச்சு?” மாமாவின் குரல் கீச்சென்றது.

“பாருங்க மாமா, மாசக்கணக்கா என் சோத்துல நீங்க மிச்சம் பிடிச்சது இதுதான்.”

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவளும் தொங்கினாள். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மதில்மேல் நாற்காலி போட்டே உட்கார்ந்துவிட்டார். உத்திரம் முனகி இறங்க ஆரம்பித்தது. டயர் ஒரு விரல் உயர்ந்ததும், மாமா பாதத்தைப் பாதி உருவினார்.

அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. வண்டி இருக்கும் வரைதானே எடைக்கல்?

“மாமா, கை வழுக்குது. வண்டியை விக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

“விக்க மாட்டேன்!”

“ஸ்டாண்டு, ஜாக்கி?”

“வாங்க மாட்டேன்டா! என் தலைமேல சத்தியம்!”

பாதம் வெளியே வந்தது. அகலத்தில் அது இப்போது இரண்டு பாதம்.

மாமா சத்தியம் தவறாதவர். செலவில்லாத சத்தியம் என்றால் உயிரையே கொடுப்பார். காலில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாலும், வண்டி துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. நாலு வேளைச் சாப்பாட்டில் மச்சினன் பழைய எடைக்கு வந்த முதல் ஞாயிறே, ஸ்பேனரை எடுத்துப் பெண்டாட்டியிடம் நீட்டினார்.

“நானா? அதுக்கடியிலயா?”

“உன் கூடப் பிறந்தவன்தானே உக்காந்திருக்கான். உன்னைக் கொல்லவா போறான்?”

அக்கா படுத்து, ஊர்ந்து, உள்ளே போனாள். ஆக்சிலிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவள் நெற்றியில் விழுந்தது. உத்திரத்தின் நுனியில் அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி... அசையாதேடா, என் கண்ணு.”

“அசையல. ஆனா உப்பு கம்மியா இருக்குக்கா” என்றான் அவன். உப்பு எங்கே என்று பார்ப்பதற்காக, லேசாக ஒரு பக்கம் சாய்ந்தான்.