ரெஸ்யூம்னா பயோடேட்டா

ப்ளக்கைப் பிடுங்கியது டிக்‌ஷனரியின் கால்தான். வயர் அதுபாட்டுக்குச் சுவரோரம் கிடந்தது. கால்தான் ஊர்சுற்றப் போனது. எம்பிராய்டரி மெஷின் பாதிக் கப்பலோடு அணைந்துபோனது.

மெஷின் முன்னால் இருந்தவள் அவன் மனைவி. குழந்தைக்காக ஆறு வருஷம் வீட்டில் இருந்தவள் மறுபடி வேலைக்கு வர, அன்றைக்குத்தான் பரீட்சை. வாடிக்கையாளர் கொடுத்த நீலக் கோட்டின் முதுகில் ஒரு பாய்மரக் கப்பல். கோட்டு ஒன்றுதான், கெட்டால் கெட்டதுதான்.

அந்தப் பட்டறையில் எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் அவன் அர்த்தம் சொல்வான். அதனால் வந்ததுதான் டிக்‌ஷனரி என்ற பட்டப்பெயர். சரியான அர்த்தம் சொன்னதாக யாரும் அவன்மேல் பழி போட்டதில்லை.

ப்ளக்கைத் திரும்பச் செருகினான். திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘ரெஸ்யூம்?’ கீழே யெஸ், நோ.

“என்னங்க இது? நான் ஓட்டின மெஷின் இதெல்லாம் கேக்காது,” என்றாள்.

“நீ அனா ஆவன்னாவிலேருந்து கத்துக்கணும். ரெஸ்யூம்னா பயோடேட்டா. உன்னோடதை நாலு பக்கம் அடிச்சு முதலாளியம்மாகிட்ட கொடுத்தாச்சு. இதுக்கும் ஒண்ணு வேணுமாம். நோ போடு.”

போட்டாள். மெஷின் முதல் தையலுக்கே ஓடி, தைத்து முடித்த கப்பலின் அடிப்பாகத்தின் மேல் மறுபடி குத்தத் தொடங்கியது. அவள் பதறி நிறுத்தினாள்.

பக்கத்து மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். “விட்ட எடத்துலேருந்து தொடரட்டுமான்னு கேட்டிருக்குய்யா. நீ வேலை காலி இல்லன்னு அனுப்பிட்ட.”

அதற்குள் முதலாளியம்மாவும் வந்து நின்றார்.

“தப்பு என்னோடதும்மா. அவளுக்கு வேலை உண்டுல்ல?” என்றான் டிக்‌ஷனரி.

“பாக்கலாம்.”

காலையிலிருந்து இது ஐந்தாவது ‘பாக்கலாம்’.

அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நூல் மாற்றும்போதெல்லாம் தையல் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்வது அவளுடைய பழைய பழக்கம். வெள்ளைப் பாய் ஆரம்பித்தது 4120. சின்னக் கத்தரியால் புதுத் தையல்களை மட்டும் பிரித்தாள். மெஷினை 4120க்கு நகர்த்தினாள். பிறகு பத்துப் பத்தாகத் தள்ளி, பாய் நின்றுபோன கடைசித் துளைக்கு நேர்மேலே ஊசியைக் கொண்டுவந்தாள்.

“அனா ஆவன்னாவிலேருந்து கத்துக்கணும்னு சொன்னீங்கல்ல?” என்று அவனிடம் கேட்டபடியே பொத்தானை அமுக்கினாள்.

பாய் விரிந்தது. கொடிக்கம்பமும் ஏறியது. ஒட்டு எங்கே என்று தேடிய பக்கத்து மெஷின்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

முதலாளியம்மா கோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிடித்தார். டிக்‌ஷனரிக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, அந்த நாலு பக்கத்தையும் ஒரு தடவை பாக்கலாமே...”

“வேண்டாம். பாத்துட்டேன்,” என்றார் அவர், கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாளைக்கு ஒன்பது மணிக்கு அவங்க வேலைக்கு வரட்டும். நீ அந்த வயர் பக்கம் வராதே.”